கழித்தல் குறியை ஒளித்தவர்கள்

குவாண்டம் கணினியை அறிமுகம் செய்து தமிழில் வரும் கட்டுரைகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். ஐக்கிய நாடுகள் அவை 2025-ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருந்தமையால் இத்தகைய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எழுதியவர் யாராயினும் கட்டுரை மட்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. "சாதாரணக் கணினியில் ஒரு பிட் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். குவாண்டம் கணினியின் க்யூபிட் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கும். ஆகவே அது எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதைச் சொல்லிவிடும்." இதுதான் அந்த அச்சு. அடுத்து, சுழலும் நாணயம் ஒன்று உவமையாக வரும். இறுதிப் பத்தியில் சித்தர்களோ அத்வைதமோ வந்து வாழ்த்துரை வழங்கிவிட்டுப் போவார்கள்.

மேற்கண்ட மூன்று கூற்றுகளில் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பொய். எல்லா விடைகளையும் ஒருசேர முயன்று சரியானதைப் பொறுக்கித் தரும் எந்திரத்தை எவரும் செய்யவில்லை. செய்யப்போவதாக இத்துறையின் கணிதம் அறிந்தவர்கள் வாக்களிக்கவும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஆரன்சன் இதே கூற்றை மறுத்துப் பல்லாண்டுகளாக எழுதி வருகிறார். ஆனாலும் பொய் தளரவில்லை. இக்கட்டுரை அந்த மூன்றாவது கூற்றோடு நாம் தொடுக்கும் வழக்கு.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நம் விடை இது: இங்கே நிகழ்ந்திருப்பது உவமைப் பிழை. இயற்பியலாளர்களின் கணக்கில் குற்றமில்லை. அதைச் சொல்ல வந்தவர்கள் கையாண்ட உவமையில்தான் குற்றம். உவமையின் நன்மை தீமையை ஆராய்வது நம் தொழில். மேலும், அந்தக் குற்றத்தை நாமும் செய்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில், குவாண்டம் மேற்பொருந்துதலைக் காளமேகப் புலவரின் சிலேடையோடு ஒப்பிட்டுப் பேசினோம். ஒரே பாட்டு பாம்பையும் சுட்டுகிறது, எள்ளையும் சுட்டுகிறது. கேட்பவர் பொருள்கொள்ளும் கணத்தில் ஒன்று நிலைபெறுகிறது. க்யூபிட்டும் அத்தகையதே என்றோம். கைதட்டல் பலமாகவே கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் இயற்பியல் பயிலும் இளைஞர் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, சிலேடையில ஒரு பொருள் இன்னொரு பொருளை அடிச்சு இல்லாம ஆக்கிடுமா?" என்றார். ஆக்காது என்றோம். "அப்படின்னா அது குவாண்டம் இல்லைங்க ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று நம்மிடம் மறுமொழி இல்லை. அதன்பின் படித்து அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

*

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கிறது. புலிபோல் பாய்ந்தான் என்பது வினை பற்றியது. மழைபோல் வழங்கும் கை என்பது பயன் பற்றியது. துடிபோன்ற இடை என்பது வடிவம் பற்றியது. பொன் போன்ற மேனி என்பது நிறம் பற்றியது. முதலாண்டு மாணவரும் அறிந்த பாடம் இது. ஓர் உவமையைக் கண்டதும், எதனால் ஒப்பு என்று கேட்கும் பழக்கத்தை இப்பகுப்பு நமக்குத் தருகிறது.

சுழலும் நாணயத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்போம். சுழலும்போது அது பூவா தலையா என்று சொல்ல முடியாது. க்யூபிட்டும் அளக்கும் வரை 0 என்றோ 1 என்றோ சொல்ல முடியாது. தோற்றத்தில் ஒப்பு இருக்கிறது. வினையில் இருக்கிறதா? சோதித்துப் பார்த்துவிடலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

நாணயத்தைச் சுண்டுங்கள். பூ விழ நிகழ்தகவு பாதி, தலை விழப் பாதி. விழுந்ததைப் பார்க்காமலே எடுத்து மறுபடி சுண்டுங்கள். இப்போதும் பாதிக்குப் பாதிதான். ஆயிரம் முறை சுண்டினாலும் ஐயம் ஐயமாகவே நீடிக்கும். சுண்டச் சுண்ட உறுதி பிறப்பதில்லை.

இனி க்யூபிட். அதை 0 என்னும் நிலையில் வைத்து, ஹடமார்டு வாயில் எனப்படும் ஒரு செயலுக்கு உட்படுத்துகிறார்கள். நாம் அதைக் கலக்கி என்று அழைப்போம். ஒருமுறை கலக்கியபின் அளந்தால் பாதி வேளை 0, பாதி வேளை 1 கிடைக்கும். இதுவரை நாணயத்தைப் போலத்தான். இப்போது அளக்காமல் இரண்டாம் முறையும் கலக்குங்கள். பிறகு அளந்தால், கருவி பிழை செய்யாத வரை, எப்போதும் 0தான். நூற்றுக்கு நூறு. ஐயத்தின்மேல் ஐயத்தை ஏற்றியபோது உறுதி பிறந்துவிட்டது. நாணயத்தால் செய்ய முடியாத வினை இது. உவமை இங்கேயே முறிந்துவிட்டது.

இது எப்படி நிகழ்கிறது? க்யூபிட்டின் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஓர் எண் உண்டு. அதன் பெயர் வீச்சு. அளக்கும்போது ஒரு விடை கிடைக்கும் நிகழ்தகவு, அந்த வீச்சின் வர்க்கம். நிகழ்தகவு ஒருபோதும் சுழிக்குக் கீழே போகாது. 'மழை பெய்யக் கழித்தல் 30 விழுக்காடு வாய்ப்பு' என்று எவரும் சொல்வதில்லை. வீச்சுக்கோ கழித்தல் குறி உண்டு. முழுக் கணக்கில் வீச்சுகள் கலப்பெண்களாகவும் வரும். தொடக்கநிலைக்குக் கூட்டலும் கழித்தலும் போதும்.

கலக்கியின் விதி எளியது. 0 உள்ளே போனால் 0-க்கு 0.707, 1-க்கு 0.707 என்று வீச்சுகளைப் பகிரும். 1 உள்ளே போனால் 0-க்கு 0.707, 1-க்குக் கழித்தல் 0.707. இந்த எண்ணின் வர்க்கம் ஏறத்தாழ 0.5, ஆகவேதான் ஒருமுறை கலக்கினால் பாதிக்குப் பாதி. இரண்டாம் முறை கலக்கும்போது விடை 0-ஐ அடைய இரு வழிகள் உண்டு. இடையில் 0 வழியாக வந்த வீச்சு 0.5, 1 வழியாக வந்ததும் 0.5, கூட்டினால் 1. விடை 1-ஐ அடையவும் இரு வழிகள் உண்டு. 0 வழியாக வந்தது 0.5, 1 வழியாக வந்தது கழித்தல் 0.5, கூட்டினால் சுழி. ஒரு விடைக்கான வழிகள் ஒன்றையொன்று அடித்து இல்லாமல் ஆக்கிவிட்டன. அந்த இளைஞர் கேட்டது இதைத்தான்.

இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். குளத்தில் இரு கற்களை எறிந்தால் அலைகள் சில இடங்களில் ஓங்கும், சில இடங்களில் அடங்கும். ஒளியிலும் இதே நிகழ்வதைத் தாமஸ் யங் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். குவாண்டம் கணினி என்பது இந்த ஓங்கலையும் அடங்கலையும் கணக்கீட்டுக்காகத் திட்டமிட்டு நிகழ்த்தும் கருவி. தவறான விடைகளுக்குப் போகும் வழிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவும், சரியான விடைக்குப் போகும் வழிகள் ஒன்றோடொன்று கூடவும் ஒழுங்கு செய்வதே அதற்கு நிரல் எழுதுவோரின் கலை. அப்படி ஒழுங்கு செய்ய வழி தெரியாத கணக்குகளில் இந்தக் கணினி நமக்கு எதையும் மிச்சப்படுத்தித் தராது.

*

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டேவிட் டாய்ச் 1985-இல் முன்வைத்து, பிறர் பின்னர் செப்பம் செய்த ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அறிமுகக் கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும் சொல்லியிருக்க வேண்டியது இது.

ஒரு மூடிய பெட்டி இருக்கிறது. அதற்குள் 0 அல்லது 1-ஐ இட்டால், விடையாக 0 அல்லது 1 வரும். நம் கேள்வி: இரண்டு உள்ளீடுகளுக்கும் அது ஒரே விடையைத் தருகிறதா, வேறுவேறு விடைகளைத் தருகிறதா? சாதாரண முறையில் பெட்டியிடம் இருமுறை கேட்டாக வேண்டும். ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, கேட்காத மற்றொன்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

குவாண்டம் முறையில் ஒருமுறை போதும். க்யூபிட்டை முதலில் கலக்குகிறோம்; 0, 1 இரண்டுக்கும் சம வீச்சு. பிறகு பெட்டிக்குள் அனுப்புகிறோம். பெட்டி ஒன்றே ஒன்றைத்தான் செய்கிறது: எந்த உள்ளீட்டுக்கு விடை 1 ஆகுமோ அதன் வீச்சுக்குக் கழித்தல் குறி இடுகிறது. பிறகு மறுபடி கலக்கி அளக்கிறோம். இரண்டு விடைகளும் ஒன்றே என்றால் இரு வீச்சுகளுக்கும் ஒரே குறி. கலக்கும்போது 1-க்கான வழிகள் அழிந்து, அளவீடு 0 என்று வரும். விடைகள் வேறு என்றால் குறிகளும் வேறு. இம்முறை 0-க்கான வழிகள் அழிந்து, 1 என்று வரும்.

இப்போது வாசகர் சற்று நிற்க வேண்டும். ஒரே கேள்வியில் நமக்குக் கிடைத்தது என்ன? இரு விடைகளும் ஒன்றா வேறா என்பது மட்டுமே. 0-க்குப் பெட்டி என்ன விடை தரும்? தெரியாது. 1-க்கு? அதுவும் தெரியாது. தனித்தனி விடைகள் நம் கைக்கு வரவே இல்லை. அவற்றுக்கிடையே உள்ள உறவு மட்டும் வந்தது. "எல்லா விடைகளையும் முயன்று பார்த்துவிடும்" என்று எழுதியவர்கள் இந்த நுட்பத்தை முற்றாகத் தலைகீழாக்கிவிட்டார்கள். விடைகளின் பட்டியலைத் தராமலே அவற்றின் ஒட்டுமொத்தப் பண்பொன்றைக் காட்டுவதுதான் இதன் அழகு. அந்த அழகை மறைத்துவிட்டு, வேகமாக ஓடும் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையை நமக்குக் காட்டுகிறார்கள்.

*

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். க்யூபிட்டுகள் பெருகப் பெருக வாய்ப்புகள் பெருகுகின்றன என்பது மெய். யாப்பிலக்கணம் படித்தவருக்கு இந்த எண்ணிக்கை புதிதன்று. நேர், நிரை என அசை இரண்டு. ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. ஓர் அசை கூடும்போதெல்லாம் எண்ணிக்கை இரட்டிக்கிறது. நேருக்கு 0 என்றும் நிரைக்கு 1 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு பிட்டுகளின் நிலைகள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் நான்கே. சாதாரணக் கணினியில் ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றுதான் இருக்கும். இரண்டு க்யூபிட்டுகளின் நிலையைச் சொல்ல நான்கு சீர்களுக்கும் நான்கு வீச்சுகள் வேண்டும். 20 க்யூபிட்டுகளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். 300 க்யூபிட்டுகளுக்கு, காணக்கூடிய பேரண்டத்தில் இருப்பதாகக் கணக்கிடப்படும் அணுக்களின் எண்ணிக்கையையும் மிஞ்சிய வீச்சுகள்.

குவாண்டம் பின்னல் என்பதையும் இவ்வாறே புரிந்துகொள்ளலாம். தேமாவுக்கும் கருவிளத்துக்கும் மட்டும் சம வீச்சு தந்து, புளிமா, கூவிளம் இரண்டின் வீச்சையும் சுழியாக்கிவிட்டால், முதல் க்யூபிட்டை அளந்து நேர் என்று கண்டவருக்கு இரண்டாவதும் நேர்தான் என்று தெரிந்துவிடும்; நிரை என்றால் நிரை. தனித்தனியே இரண்டும் ஐயம்; சேர்த்துப் பார்த்தால் உறுதி. இதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது, தொலைவில் உள்ளவரின் மனத்தைப் படிக்கவும் முடியாது. அசை எண்ணும் கணக்கு இரண்டுக்கும் பொது என்பதற்கு மேல் நாம் எதுவும் சொல்லவில்லை. தொல்காப்பியர் குவாண்டம் கணினி அறிந்திருந்தார் என்று நாளையே ஒருவர் இக்கட்டுரையைக் காட்டி எழுதினால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

எண்ணற்ற வீச்சுகள் உள்ளே இருக்கலாம். வெளியே எடுக்கக்கூடியது எவ்வளவு? ருசியக் கணிதர் அலெக்சாந்தர் ஹோலெவோ 1973-இல் நிறுவிய தேற்றத்தின்படி, 300 க்யூபிட்டுகளை அளந்து பெறக்கூடிய செய்தி 300 பிட்டுகளுக்கு மேல் போகாது. அளந்த கணத்தில் ஒரு சீர் மட்டும் நிற்கும், மற்றவை போய்விடும். சும்மா அளந்தால் அது குலுக்கல் சீட்டுதான். குலுக்கலைத் திறமையாக மாற்றுவது எது? மறுபடியும் அதே கழித்தல் குறி.

எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயல்வது உண்மையானால், தேடல் எல்லாம் ஒரே படியில் முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லவ் குரோவர் 1996-இல் தந்த தேடல் முறையை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கில்லாத 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேடச் சாதாரண முறையில் சராசரியாக 5 லட்சம் முறை பார்க்க வேண்டும். குரோவர் முறையில் ஏறத்தாழ 800 படிகள் போதும். பெரிய ஆதாயம்தான், ஆனால் 800 என்பது 1 அன்று. இதைவிட அடிப்படையில் விரைவான வழி பொதுவான தேடலுக்கு இருக்கவே முடியாது என்று பென்னட், பெர்ன்ஸ்டீன், பிராஸ்ஸார்ட், வாசிராணி ஆகிய நால்வர் கணித முறையில் நிறுவியும்விட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 800 படிகளில் நிறுத்தாமல் மேலும் நடத்திக்கொண்டே போனால் சரியான விடை கிடைக்கும் வாய்ப்பு குறையத் தொடங்கும். பதம் தப்பிய பாகு போல. முயன்று பார்க்கும் எந்திரம் கூடுதலாக முயன்றால் ஏன் கெட வேண்டும்? கெடுகிறது என்றால் உள்ளே நடப்பது முயற்சியன்று, அலைகளின் கூட்டல் கழித்தல்.

பீட்டர் ஷோர் 1994-இல் கண்ட வழியின் புகழுக்கும் இதுவே காரணம். பேரெண் ஒன்றைப் பகாக்காரணிகளாகப் பிரிக்கும் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சுழற்சி முறையை, அதாவது ஒரு வரிசை எத்தனை அடிக்கு ஒருமுறை தன்னைத் திரும்பச் சொல்கிறது என்பதை, குறுக்கீட்டால் அவர் வெளிக்கொணர்ந்தார். காரணிப்படுத்தலின் கடினத்தை நம்பியிருக்கும் ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறைக்கு அதனால்தான் அச்சுறுத்தல். அந்தக் கணக்குக்குள் அப்படியொரு தாளம் இருந்தது. ஷோருக்கு அது கேட்டது. எல்லாக் கணக்குக்குள்ளும் தாளம் இருப்பதில்லை.

*

இப்போது எதிர்த்தரப்பின் வாதங்களைக் கேட்போம்.

முதலாவது: "டேவிட் டாய்ச் தாமே இக்கணக்கீடு பல பேரண்டங்களில் நடப்பதாகச் சொல்கிறாரே. கூகுள் 2024 டிசம்பரில் வில்லோ சில்லை அறிவித்தபோது அதன் ஆய்வுக்குழுத் தலைவரும் அப்படித்தானே எழுதினார்?" ஆம். அது குவாண்டம் இயற்பியலுக்குச் சொல்லப்படும் பல பொருள்விளக்கங்களுள் ஒன்று. அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஏற்றாலும் மூன்றாவது கூற்று தேறாது. பிற பேரண்டங்களின் விடைகளைப் படித்தறிய அந்த விளக்கமும் வழி தரவில்லை. குறுக்கீடு இல்லாமல் அங்கும் விடையில்லை.

இரண்டாவது: "நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தனர்." இப்படிச் சொல்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாட்டில் கழித்தல் குறி வருகிறது? இருப்பதும் இல்லாததுமான ஒன்றைப் பற்றிச் சித்தர் பாடியிருக்கலாம். அது ஆன்மிக அனுபவத்தின் மொழி. அதற்குரிய இடமும் பெருமையும் தனி. அதைக் கொண்டுவந்து க்யூபிட்டுக்குச் சான்றிதழ் எழுத வைப்பது பாட்டுக்கும் இழுக்கு, இயற்பியலுக்கும் இழுக்கு. சித்தர் பாடலுக்கு ஆய்வகத்தின் அங்கீகாரம் வேண்டும் என்று நினைப்பவர் உள்ளூர அதை மதிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

மூன்றாவது வாதம் நம் வட்டாரத்திலேயே எழுவது: "தமிழில் இதைச் சொல்லச் சொற்கள் இல்லை. அதனால்தான் உவமையை நாட வேண்டியிருக்கிறது." இது சோம்பலின் வாதம். வீச்சு, நிகழ்தகவு, மேற்பொருந்துதல், குறுக்கீட்டு விளைவு, கலப்பெண் ஆகிய சொற்கள் நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் இருக்கின்றன. கலக்கியின் விதியை எண்களாக எழுதினால் இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணி கிடைக்கும். குவாண்டம் வாயில்கள் எல்லாமே அணிகள்தாம். கணிதத்திலும் இலக்கணத்திலும் அணி என்றே சொல்கிறோம். ஓர் அணியை விழுந்து விழுந்து படித்த நாம் மற்றோர் அணியைப் புரட்டிப் பார்க்கவில்லை. குற்றம் மொழியினுடையதன்று.

நான்காவது வாதம்தான் கனமானது: "தொடக்கநிலை வாசகரைக் கணக்கால் மிரட்டக் கூடாது. முதலில் ஓர் எளிய பொய். பிறகு மெல்ல மெய்." இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதால் பொறுமையாகவே மறுக்கிறோம். மேலே நாம் செய்த கணக்கில் ஒரு வர்க்கமும், சில பெருக்கல்களும், ஒரு கழித்தலும் மட்டுமே இருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. இதைக்கூட வாசகர் தாங்கமாட்டார் என்று எண்ணுவது வாசகருக்குச் செய்யும் அவமதிப்பு. எளிய பொய்யை முதலில் கேட்டவர்களுள் பலர் மெய்க்கு வருவதே இல்லை என்பதையும் வகுப்பறை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

நாம் பாடம் நடத்தும் கல்லூரியின் மாணவி ஒருத்தி, குவாண்டம் கணினிப் பயிற்சி என்ற பெயரில் ஒரு வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டிச் சான்றிதழோடு வந்தாள். வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த பணம். என்ன கற்றாய் அம்மா என்று கேட்டோம். "எல்லா விடையையும் ஒரே நேரத்துல பார்த்துடும் ஐயா" என்றாள். வீச்சு என்ற சொல் அவ்வகுப்பில் ஒருமுறையும் ஒலிக்கவில்லை. அவளை ஏமாற்றியவர்கள் தனியாகப் புதுப் பொய் ஒன்றும் செய்யவில்லை. நம் இதழ்களில் இலவசமாகக் கிடைத்ததை விலைக்கு விற்றார்கள். அந்தச் சரக்கை உற்பத்தி செய்தவர்களுள், கைதட்டல் வாங்கிய நாமும் உண்டு.

*

பொய் எளியதாக இருப்பதால் வரும் கேடு இத்தோடு முடியவில்லை. பொது விவகாரங்களில் தீர்ப்புச் சொல்லும் திறனையும் அது பறித்துவிடுகிறது.

ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. 50 முதல் 1,000 க்யூபிட்டுகள் கொண்ட கணினிகளை எட்டாண்டுகளில் உருவாக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. இது மக்கள் பணம். அது நன்கு செலவாகிறதா என்று கேட்க மக்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? க்யூபிட்டின் எண்ணிக்கை மட்டும் போதாது, பிழை விகிதமும் வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் குறுக்கீடு மிக மென்மையானது. சுற்றுப்புறத்தின் சிறு வெப்பமும் இரைச்சலும் வீச்சுகளின் குறிகளைக் குழப்பிவிடும்; குழம்பினால் அடிக்க வேண்டியது அடிக்காது, கூட வேண்டியது கூடாது. மீகடத்திச் சுற்றுகளால் ஆன க்யூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து ஒரு டிகிரியின் நூறில் ஓரிரு பங்கு உயரத்தில் வைத்துப் போற்றுவது இதற்காகத்தான். அத்தகைய சுற்றுகளும் குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று 1984, 1985-ஆம் ஆண்டுகளில் செய்துகாட்டிய ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கூகுள் 2019-இல் 53 க்யூபிட்டுகள் கொண்ட சைகமோர் சில்லைக் கொண்டு, மீகணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் ஒரு கணக்கை 200 நொடிகளில் செய்ததாக அறிவித்தது. அதைத் தம் மீகணினியில் இரண்டரை நாளில் செய்யலாம் என்று ஐ.பி.எம். உடனே மறுத்தது. எடுத்துக்கொண்ட கணக்கும் நடைமுறைப் பயனுக்காக அமைந்ததன்று. எந்திரத்தின் வலிமையைச் சோதிக்க அமைத்த ஒன்று. 105 க்யூபிட்டுகள் கொண்ட வில்லோவின் உண்மையான சாதனை வேறு: பிழைதிருத்தும் அமைப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறைந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாக எதிர்பார்த்திருந்த செய்தி இது. நம் நாளிதழ்களோ அந்தக் கணக்குக்கு மீகணினி எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளுக்குப் பின்னால் எத்தனை சுழிகள் என்று எண்ணிக்கொண்டிருந்தன.

மறுபுறம், வங்கிக் கணக்குகள் எல்லாம் நாளையே திறந்துவிடும் என்ற அச்சமும் பரப்பப்படுகிறது. ஷோரின் முறையால் 2001-இல் பிரித்துக் காட்டிய எண் 15; அது மூன்றும் ஐந்தும் என்று கண்டார்கள். இன்று புழங்கும் 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணை உடைக்க, பிழையுள்ள 2 கோடி க்யூபிட்டுகளும் 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019-இல் மதிப்பிட்டார்கள். அதே ஆய்வாளர்களுள் ஒருவரான கிரெய்க் கிட்னி 2025-இல் அதைப் பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகளாகவும் ஒரு வாரத்துக்குட்பட்ட காலமாகவும் சுருக்கினார். கூகுளின் வில்லோவில் இருப்பவை 105. ஆகவே நாளையே உடையாது. என்றும் உடையாது என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் தாக்குதலையும் தாங்கும் என்று கருதப்படும் புதிய மறையீட்டுத் தரங்களை வெளியிட்டது அதனால்தான். எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் எந்திரம் என்று நம்பியவருக்கு இந்தப் புதிய தரங்கள் எப்படித் தாங்கும் என்பதே புரியாது. அவை நம்பியிருக்கும் கணக்குகளில் ஷோருக்குக் கேட்ட தாளம் போல் ஒன்றை இதுவரை எவரும் கண்டறியவில்லை, அவ்வளவுதான்.

ரிச்சர்டு ஃபைன்மன் 1981-இல் இந்த யோசனையைப் பேசியபோது அவர் முன்வைத்த தேவை எளியது. இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது; அதைப் போலச் செய்துகாட்டும் கணினியும் அவ்விதிப்படி நடந்தால் நல்லது என்றார். மூலக்கூறுகளையும் பொருள்களையும் ஆராய்வதே இக்கணினியின் இயல்பான பயனாக இருக்கும் என்று இன்றும் பலர் கருதுவது அதனால்தான். இத்தனை தெளிவாகத் தொடங்கிய ஒன்றை மாயவித்தையாக்கிய பொறுப்பு எழுதுபவர்களுடையது.

இதழாசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. குவாண்டம் கணினி பற்றிய அடுத்த அறிமுகக் கட்டுரை மேசைக்கு வரும்போது, அதில் நாணயம் சுழல்கிறதா, சித்தர் வருகிறாரா என்பதெல்லாம் இருக்கட்டும். ஏதேனும் ஓரிடத்தில் ஒரு வழி இன்னொரு வழியை அழிக்கிறதா என்று பாருங்கள். அழிக்கவில்லை என்றால் எழுதியவருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நாம் எழுதியதில் பிழை இருந்தால் இயற்பியல் அறிந்தவர்கள் சுட்டட்டும்; திருத்திக்கொள்கிறோம். சிலேடைக்கு வாங்கிய கைதட்டலை மட்டும் திருப்பித் தர வழி தெரியவில்லை.